கொய்யாக் கிளையில் ஒரு சண்டை

ஒரு கொய்யா மரத்தில் மைனா ஒன்று கிளிப்பேச்சு கற்று வந்தது. பாதி வந்துவிட்டது, மெதுவாகச் சொன்னால் புரியும். மறுநாள் கிளிக்கூட்டம் சோளக்காட்டுக்குப் புறப்படுகிறது. தடுமாறாமல் பேசுகிறவர் யாரானாலும் கூட வரலாம் என்று கிளிகள் சொல்லியிருந்தன. மைனாவுக்கு உட்காரவே முடியவில்லை.

"காலையில் புதுச்சொல், மத்தியானம் கேட்கிறது, சாயங்காலம் பேசிப் பழகுறது. நேரம் தவறினா சொல்லிடுங்க, அணிலண்ணே" என்று பக்கத்துக் கிளை அணிலிடம் சொன்னது.

காலையும் மத்தியானமும் திட்டப்படி போயின. சாயங்காலம் மைனா கண்ணை மூடி, "நலமா? நான் நலம்" என்று ஆரம்பித்தது. அப்போது ஒரு கிளி வந்து, மைனா பார்த்து வைத்திருந்த பழத்தைக் கொத்தியது.

"அது என் பழம்" என்று மைனா கிளிப்பேச்சிலேயே பாய்ந்தது.

"பேர் எழுதியிருக்கா?" என்றது கிளி.

"மூக்கை மட்டும் வளர்த்து வச்சிருக்கே, வெட்கத்தை எங்கே விட்டே?"

கிளி கொத்துவதை விட்டுச் சிரித்தது. "சரியான வாயாடி. விடியறப்போ வந்துடு, காக்கைங்களை விரட்ட ஆள் வேணும்" என்று பறந்து போனது.

மைனாவுக்கு இறக்கை படபடத்தது. மறுகணமே முகம் வாடியது. "அண்ணே, பேசிப் பழகுற நேரம் சண்டையிலேயே தவறிப் போச்சே."

"தவறலையே" என்றது அணில், வாய் நிறையக் கொய்யாவோடு.