சொல்லிட்டு நிறுத்துங்க

மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எல்லோரும் கட்டணத்தைப் பற்றியே பேசினார்கள். தில்லைக்கரசி மட்டும், "கரண்ட்டை நிறுத்த வேண்டாம்னு சொல்லலைங்க. சொல்லிட்டு நிறுத்துங்க. எங்க வீட்டுக்காரர் ஆக்சிஜன் மெஷின்லதான் மூச்சு விடுறாரு" என்றாள். தலைவர் குறித்துக்கொண்டார். அவளுக்கு அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை.

சில மாதம் கழித்து ஒரு காலையில் லைன்மேன் கதவைத் தட்டினார். "பழுது பார்க்கணும்க்கா. உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் லைனை நிறுத்தணும்னு ஆணையத்து உத்தரவு. சிலிண்டருக்கு மாத்திட்டு சைகை காட்டுங்க."

குழாயை மாற்றினாள். கணவரின் நெஞ்சு சீராக ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். கம்பத்தடியில் லைன்மேன் இன்னும் இந்த வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கையசைக்கத்தான் வந்தாள், இரண்டு கைகளும் தாமாகக் குவிந்தன. அதையே சைகையாக எடுத்துக்கொண்டு அவர் சுவிட்சை இறக்கினார்.