கூலிங் என்கிறவன்

ஒயின்ஷாப் அலமாரியில் தேன்மல்லி என்றொரு கோதுமை பீர் பாட்டில் நின்றது. நாக்கில் கசக்காமல் இறங்குவோம் என்பதில் அதற்கு ரொம்பப் பெருமை. என்றைக்காவது ஒருவன் தன்னைப் பேர் சொல்லிக் கேட்பான் என்று, லேபிளை வாசல் பக்கமே காட்டிக்கொண்டு நிற்கும்.

வருகிறவர்களோ வந்ததும் வராததுமாக ஒரே கேள்விதான் கேட்டார்கள். "அண்ணே, கூலிங் இருக்கா?"

"யாருப்பா அந்தக் கூலிங்? எல்லாரும் அவனையே தேடுறாங்க," என்று பக்கத்திலிருந்த ஸ்ட்ராங் பீரிடம் கேட்டது தேன்மல்லி.

"நான் பாத்ததில்ல. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கான் போல," என்றது ஸ்ட்ராங். "என்னையும் ஒரு மூட்டை தூக்குறவரு கேட்டாரு. ஒரு பாட்டில்லயே ஒடம்பு வலி போயிடும்னாரு. கூலிங் இல்லன்னதும் அவரும் போயிட்டாரு."

அப்படி என்னதான் இருக்கிறது அவனிடம் என்று ஏங்கிப் போனது தேன்மல்லி.

ஒரு மத்தியானம் கடைக்காரர் அதை எடுத்து அந்தக் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார். நடுங்கிக்கொண்டே அது மூலை மூலையாகத் தேடியது. கூலிங் என்று அங்கே யாருமே இல்லை.

சாயங்காலம் ஒரு பெயிண்டர் வந்தார். "கூலிங் இருக்கா?"

கடைக்காரர் தேன்மல்லியை எடுத்து நீட்டினார். நான் அவனில்லீங்க என்று அது வாயைத் திறப்பதற்குள், பெயிண்டர் அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு கண்ணை மூடினார்.

"கூலிங்னா இதான்," என்றார்.

தேன்மல்லிக்கு மேலெல்லாம் வேர்த்துவிட்டது. பேர் போட்ட லேபிள் ஊறி, நழுவி, அவர் காலடியில் விழுந்தது.

அது குனிந்து பார்க்கவே இல்லை.