வெட்டப்பட்ட முப்பது நொடி

பாட நாவலின் நாயகி கல்யாணத்துக்குப் பயந்து பதினாறு வயதில் வீட்டைவிட்டு ஓடியது சரியா? பிளஸ் ஒன் பிள்ளைகள் வீடியோ கட்டுரையில் வாதிட வேண்டும். சொந்தக் கதை ஆதாரமாகாது என்பது நான் போட்ட விதி. வீடியோக்களை முதலில் பார்த்துத் திருத்தும் ஏஐ இயந்திரம் அப்படிப்பட்ட இடங்களை வெட்டித் தனியே வைத்துவிட்டுத்தான் எனக்கு அனுப்பும்.

ஓடியது தவறு, யாரிடமாவது சொல்லியிருக்கலாம் என்று சுடர்க்கொடி வாதிட்டிருந்தாள். ஐம்பதுக்கு ஐம்பது போட்டேன்.

அவளுக்குத் திருமணமாகிவிட்டது என்று நேற்று அவள் தோழி சொன்ன பிறகுதான், வெட்டுப்பட்ட முப்பது நொடியைத் திறந்தேன்.

திரையில் சுடர்க்கொடி நிமிர்ந்து பார்த்தாள்.

"மிஸ், எனக்கும் மாசக் கடைசில கல்யாணம் வச்சிருக்காங்க. அவ யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்னு பேசிட்டு, நான் சொல்லாம இருந்தா எப்படி? உங்ககிட்ட சொல்லிட்டேன் மிஸ்."