பிரிக்காத பாக்கெட்

மறுபடியும் கப் கையிலிருந்து துள்ளியது. சுவரில் பட்டு, வாளியில் மோதி, தண்ணீர் போகும் ஓட்டையை நோக்கி உருண்டது. காலால் தடுத்தேன்.

மறுபடியும் சோப்பு. மறுபடியும் கழுவல்.

ஆய்வகத்தில் தண்ணீர் மாதிரிகளைப் பரிசோதிப்பது என் வேலை. சொட்டுச் சொட்டாக அளந்துவிடும் கை இது. மாதிரியில் கிருமி எதுவும் அகப்படவில்லை என்றால் 'இல்லை' என்று எழுதமாட்டோம். 'தென்படவில்லை' என்றுதான் எழுதுவோம். அவ்வளவு கவனமான கைக்கு, அரை விரல் நீளத்தில் ஒரு ரப்பர் கிண்ணத்தை மடித்துப் பிடிக்க வரவில்லை.

பெட்டிக்குள் இருந்த காகிதத்தில் ஒரு பெண் ஒற்றைக் காலை முக்காலிமேல் வைத்தபடி நிற்கிறாள். முகத்தில் சிரிப்பு வேறு. அவள் வீட்டில் இரண்டு குளியலறை இருக்கும் போலிருக்கிறது.

குந்தி உட்கார்ந்து பார்த்தேன். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் காலை வைத்துப் பார்த்தேன். உடம்பைத் தளர்த்திக்கொள்ளவும் என்று காகிதம் சொன்னது. தளர்த்து, தளர்த்து என்று பல்லைக் கடித்துக்கொண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கதவு தட்டப்பட்டது.

"உள்ளயே குடியேறிட்டியா? நானும் வேலைக்குப் போகணும்."

என் வீட்டுக்காரர். பதிலுக்குக் குழாயைத் திறந்துவிட்டேன்.

"ஏன்டா அவள விரட்டுற? மெதுவா வரட்டும். அவ்ளோ அவசரம்னா பக்கத்து வீட்ல போய்க் கேளு."

அது அவருடைய அம்மா. என் அத்தை.

அத்தை எனக்காகப் பேசுவது புதிதல்ல. கஷ்டமே அதுதான்.

மாதவிலக்கு நாட்களில் நாப்கினுக்குப் பதிலாக உள்ளே வைத்துக்கொள்ளும் இந்தக் கப்பை வாங்கித் தந்தது ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரி. குப்பை சேராது, கறை படாது, வருஷக்கணக்கில் உழைக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனாள். முதல் காரணத்துக்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

குப்பை சேராது.

கதவோரம் மூடி போட்ட சின்னக் குப்பைத் தொட்டி இருக்கிறது. தினமும் காலையில் அதை எடுத்துப் போய்க் கொட்டுவது அத்தைதான். நான் கொட்டுகிறேன் என்றால் விடமாட்டார். தாளில் சுற்றிய பொட்டலம் உள்ளே கிடந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு வார்த்தை குத்திப் பேசமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து பேசியதில்லை. குடிக்கச் சூடாக ஒரு தம்ளர் கொண்டுவருவார். தலையைத் தடவுவார்.

"பரவால்லம்மா. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

திட்டினால் மனசுக்குள்ளாவது திருப்பித் திட்டலாம். பரவாயில்லை என்பவரை என்ன செய்வது? பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி மாதாமாதம் அந்தத் தம்ளரைக் கையில் வாங்கிக் குடித்து முடிக்கிறேன்.

இந்தத் தடவை நாள் தள்ளிப்போனது. நானே கொஞ்சம் நம்பத் தொடங்கியிருந்தேன். இன்று விடிந்ததும் வந்துவிட்டது.

இந்த மாதம் மட்டும் அந்தத் தம்ளர் வேண்டாம். என்னால் முடியாது.

எதிரே திறந்து கிடந்த அலமாரியில், அத்தை மளிகையோடு சேர்த்து எனக்காக வாங்கி வைத்த நாப்கின் பாக்கெட். கை நீட்டினால் எட்டும். பிரித்தால் ஒரே நிமிஷத்தில் வெளியே போய்விடலாம். அதை முறைத்தேன். அதுவும் என்னை முறைப்பது போலிருந்தது.

கப்பின் விளிம்பை நனைத்தேன். மடித்தேன். எரிச்சலின் உச்சத்தில் எதையுமே நினைக்காமல் தள்ளினேன்.

உள்ளே மெல்ல விரிந்துகொண்டது.

காம்பைத் தொட்டு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், ஓசை வராமல் ஒருமுறை குதித்தும் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட இல்லை.

தரையைக் கழுவிவிட்டேன். காகிதத்தையும் பெட்டியையும் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டேன். தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். எதுவும் தென்படவில்லை. அலமாரியில் பாக்கெட் வைத்தது வைத்தபடி, ஒட்டுப் பிரியாமல் இருந்தது.

கதவைத் திறந்தேன். வீட்டுக்காரர் பாய்ந்து வந்தார். அத்தை அவரை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, தொட்டியை எடுக்க முந்திக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டு வந்து, வெளியே அலசி வைத்திருந்த துணிவாளியைத் தூக்கினேன். மொட்டை மாடியில் காயப்போட வேண்டும். முதல் படியில் கால் வைத்தபோது பின்னால் தொட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் உடனே வரவில்லை. பிறகு அலமாரிக் கதவு முனகியது.

அத்தை வெளியே வந்தார். கையில் தொட்டி இல்லை. என் முகத்தையே பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வாளியின் பிடியிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார்.

"இனிமே நீ கனம் தூக்காதம்மா."

வாளியோடு படியேறினார். மூட்டுவலிக்காரர். படிக்கு ஒரு தரம் நின்று முழங்காலைப் பிடித்துக்கொள்வார். இன்று பிடிக்கவில்லை. எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே ஏறினார்.

கப் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

ஒரு சொட்டாவது கசியாதா என்று கீழ்ப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.