நாவற்சாற்றில் இரண்டு கண்கள்

மேனுகாவுக்கு அன்று எட்டாவது பிறந்தநாள். பேய்ச் சர்பத் வேண்டுமென்று அடம்பிடித்தாள். தாய் கேதீஸ்வரி நாவற்பழங்களைப் பிசைந்து வடித்தாள். சாறு மையாகக் கறுத்தது. உரித்த ரம்புட்டான்களின் உச்சியில் நாவல்தோல் துண்டைப் பதித்து, கிளாசுக்கு இரண்டாக மிதக்கவிட்டாள்.

“அம்மா, முழிக்குது!” என்று மேனுகா கைகொட்டினாள்.

அவளுடைய தகப்பன் சுபாகரன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் இரண்டு வருடம். அவனுடைய படத்துக்கு மாலை போட கேதீஸ்வரி யாரையும் விடவில்லை. அன்று அவனுடைய தங்கை கலாஜினி மாலையோடு வந்திருந்தாள்.

“மச்சாள், அண்ணனுக்கும் ஒரு கிளாஸ் படைப்பம்.”

“படைக்கிறது செத்தாக்களுக்கு. அவர் வருவார்.”

“வைச்சுப் பாருங்க. செத்தாக்கள் வாசத்தைத்தான் எடுப்பாங்க. ஒரு சொட்டும் குறையாது.”

கேதீஸ்வரி இந்த முறை தடுக்கவில்லை. கலாஜினி மாலை போட்டு, கிளாஸைப் படத்தின் முன் வைத்து, முறைப்படி அறைக்கதவைச் சாத்தினாள். மூவரும் விறாந்தையில் கேக் வெட்டினார்கள்.

திரும்பி வந்தபோது கிளாஸ் காலியாக இருந்தது.

“பூனையா இருக்கும்,” என்றாள் கலாஜினி.

சுபாகரன் எந்தப் பழம் தின்றாலும் கொட்டையை யன்னலுக்கு வெளியே துப்புவான். அதற்குத் தினமும் ஏச்சு வாங்குவான். கேதீஸ்வரி யன்னலால் எட்டிப் பார்த்தாள். காலையில் கூட்டிய மணலில் விளக்குமாற்றுக் கோடுகள் கலையவில்லை. நடுவே இரண்டு ரம்புட்டான் கொட்டைகள் ஊதா நிறத்தில், ஈரமாகக் கிடந்தன.

அவள் மாலையைக் கழற்றினாள். கிளாஸை மறுபடி நிரப்பினாள்.

“கொட்டையக் கிளாசுக்குள்ளேயே போடுங்க,” என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்தே வைத்தாள்.