வெள்ளிக் கண்ணாடி

இத்தனை வருடம் வெறுங்கண்ணோடு ஆடிய கித்தேரியானுக்கு, கடற்கரை வாலிபால் இறுதி ஆட்டத்தன்று கூலிங் கிளாஸ் வேண்டுமாம். காலை வெயில் கடலிலிருந்து நேரே முகத்தில் அடிக்கிறது, மேலே போன பந்து தெரியவில்லை என்றான். அவனுடைய ஜோடி பெர்க்மான்ஸ் அதை நம்பவில்லை. அடுத்த வருடம் கித்தேரியானைத் தங்களோடு ஆட வரும்படி எதிர் அணிக்காரர்கள் கூப்பிட்டதாக நேற்றுத்தான் பெர்க்மான்ஸ் காதில் விழுந்திருந்தது.

மணலில் குடை நட்டுக் கண்ணாடி விற்கிறவனிடம் கித்தேரியான் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு எம்பிக் குதித்தான். வேர்த்த மூக்கில் வழுக்கினால் கழற்றிக் கொடுத்தான். கடைசியில், பார்க்கிறவன் முகத்தையே திருப்பிக் காட்டுகிற வெள்ளிக் கண்ணாடி ஒன்று அசையாமல் நின்றது.

"எப்படில இருக்கு?"

"ஒன் கண்ணு தெரியலயே."

"எதிராளிக்கும்தான் தெரியாது. நல்லதுதான?"

"அவனுவ ஒன்னக் கூப்பிட்டானுவளாமே, நெசமால?"

"எந்தப் பய சொன்னான்?"

பெர்க்மான்ஸ் அந்தக் கண்ணாடியை உற்றுப் பார்த்தான். அதற்குள் அவனே இரண்டு பேராக நின்றான்.

"வால, விசில் ஊதப் போறான்" என்று கித்தேரியான் நடந்தான்.

முதல் சர்வீஸ் பெர்க்மான்ஸுக்கு. வலையோரம் நின்ற கித்தேரியான், எந்தப் பக்கம் தடுக்கப் போகிறான் என்பதை வழக்கம்போல் முதுகுக்குப் பின்னால் விரலால் காட்டினான். விரலைப் பார்த்த உடனே அடித்துவிடுவது பெர்க்மான்ஸின் பழக்கம். இன்று பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த விரல்களையே பார்த்து நின்றான். நடுவர் மறுபடியும் விசில் ஊதினார்.

கித்தேரியான் திரும்பிப் பார்த்தான். விரலை மாற்றவில்லை.