ரோஜாவுக்கு நடுவே நித்தியகல்யாணி

"சுடுகாட்டு மல்லியைக் கொண்டாந்து மணமேடையில வச்சது யாருய்யா?"

தலத்தெரு கல்யாண மண்டபத்தில் கல்யாணசுந்தரி போட்ட சத்தத்துக்கு, சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஆயிற்றே, சத்தம் போட லைசென்ஸ் கேட்பார் உண்டா!

மேடை அலங்காரம் செய்துகொண்டிருந்த கபீர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

"நான் என்னக்கா பண்றது? ரோஜாவுக்கு நடுவுல சந்து தெரியாம நிரப்புறதுக்கு எல்லாரும் ஜிப்ஸின்னு வெள்ளையா ஒரு பொடிப் பூ வைப்பாங்க. பெங்களூர்லேருந்து வரவழைச்சும் வச்சிருந்தேன். நேத்து கல்யாணப் பொண்ணு போன் பண்ணி, 'அது வேணாண்ணே, நித்தியகல்யாணிதான் வைக்கணும்'னுச்சு. அதைத்தான் நம்ம ஊர்ல சுடுகாட்டு மல்லிம்பாங்க, ரெண்டு மணி நேரத்துல தலை தொங்கிடும்மான்னு சொல்லிப் பாத்துட்டேன். கேக்கல. பீச் ரோட்டு ஓரமா அலைஞ்சு பறிச்சு, வாடாம இருக்க ஈர ஸ்பாஞ்சுல குத்தி வச்சிருக்கேன்."

"பொண்ணா சொன்னா?"

கல்யாணசுந்தரி கபீரை விட்டுவிட்டுப் பூவைப் பார்த்தாள்.

உள்ளதைச் சொன்னால் சுடுகாடும் இல்லை, சகுனமும் இல்லை. அவள் பயமே வேறு.

மகன் தமிழ்வேந்தனுக்கு ஆறு வயதில் பிளட் கேன்சர். மூன்று வருஷம் சென்னையில் கிடந்து வைத்தியம் பார்த்தாள். பிள்ளை பிழைத்தான். இன்றைக்கு இருபத்தெட்டு வயது, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான். ஆஸ்பத்திரி வாசலில் பூத்துக் கிடந்த செடியைக் காட்டி ஒரு நர்ஸ் சொன்னது மட்டும் அவள் மனசை விட்டுப் போகவே இல்லை. "உங்க பிள்ளைக்கு ஏத்துற மருந்து இந்த நித்தியகல்யாணியிலேருந்துதாம்மா எடுக்கிறாங்க."

பெண் வீட்டாரிடம் இதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். அவள் பொய்கூடச் சொல்லவில்லையாம், சொல்லாமல்தான் விட்டாளாம்! மகனையும் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கியிருந்தாள். "நீ வாயைத் திறந்தே, ஒருத்தனும் பொண்ணு தரமாட்டான். அப்புறம் என்னை உசுரோட பாக்க மாட்டே."

இப்போது அதே பூ, மேடை முழுக்க.

யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்கும் தெரியும் என்று குத்திக் காட்டத்தான் பெண் வீட்டில் இப்படிச் செய்திருக்கிறார்கள். நாலு பேர் பார்த்து, ஏன் இந்தப் பூ என்று கேட்டால் தீர்ந்தது. விடிந்தால் முகூர்த்தம்!

"எல்லாத்தையும் பிடுங்கிப் போடு கபீரு! இதை வச்சா கல்யாணம் விளங்குமா?"

"எடுக்க வேணாங்க, அத்தை."

மணப்பெண் இளவேனில் நின்றுகொண்டிருந்தாள். கையில் மருதாணி காயவில்லை, சத்தம் கேட்டு அப்படியே ஓடி வந்திருந்தாள்.

கல்யாணசுந்தரி அவளை மணப்பெண் அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வெளியில் அத்தனை சத்தம் போட்டவள் உள்ளே கிசுகிசுத்தாள்.

"யாரும்மா சொன்னா உனக்கு?"

"எனக்கு எதுக்கு அத்தை ஒருத்தர் சொல்லணும்? என் உடம்புல ஏத்தினதுதானே?"

"உன் உடம்புலயா?"

"எட்டு வயசுல எனக்கு பிளட் கேன்சர். பொழைக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்களாம். இந்தச் செடியிலேருந்து எடுக்கிற மருந்துதான் என்னைக் காப்பாத்துச்சு. என் கல்யாணத்துல ரோஜாவுக்கு நடுவுல அதுக்கும் ஒரு எடம் இருக்கட்டுமேன்னு ஆசைப்பட்டேங்க."

தேள் கொட்டின மாதிரி துள்ளினாள் கல்யாணசுந்தரி.

"அடிப்பாவி! பிளட் கேன்சரா? இம்மாம் பெரிய விஷயத்தை மறைச்சு என் பிள்ளை தலையில கட்டப் பாத்தீங்களா? நீங்கள்லாம் மனுஷங்கதானா?"

இத்தனையும் கேட்டது சாட்சாத் அதே கல்யாணசுந்தரிதான். தான் யார் என்பதே அந்த நிமிஷம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"மறைக்கலீங்களே! நீங்க பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே உங்க மகன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். பழைய ஃபைலைக்கூடக் காட்டினேன். அதுக்கு முன்னால வந்த ரெண்டு பேரு, இதைச் சொன்னதும் எழுந்து போயிட்டாங்க. இவங்க மட்டும் கண்ணு கலங்கி ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, 'எனக்குச் சம்மதம், அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்'னாங்க. சொல்லலையா அத்தை?"

கல்யாணசுந்தரி இல்லையென்று தலையாட்டினாள்.

"உங்க மேலயும் தப்பில்லைங்க. பெத்தவங்களுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். இஷ்டமில்லைன்னா இப்பவே நிறுத்திடலாம், அப்பாகிட்ட நானே பேசிக்கிறேன். ஒளிச்சு மறைச்சு ஒரு வீட்டுக்குள்ள நுழைய எனக்கு மனசு வராது அத்தை."

சொல்லிவிட்டு அவள் அழவில்லை. பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

வெளியே மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். யாரோ கதவைத் தட்டினார்கள். "சம்பந்தி அம்மா, மாப்பிள்ளை அழைப்புக்கு நேரமாச்சுங்க!"

கல்யாணசுந்தரி திறக்கவில்லை. இளவேனிலை நாற்காலியில் உட்கார வைத்தாள். தான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"நிறுத்துறதா நடத்துறதான்னு நான் சொல்ல முடியாது தாயி, நீதான் சொல்லணும்... என் பிள்ளைக்கு அப்ப ஆறு வயசு."